வீட்டிலேயே மூன்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் கிறிஸ்தவத் தாய், வேத வாசிப்பையும் புத்தக வாசிப்பையும் சண்டை இல்லாமல் நடத்துவது எப்படி?

கேள்வியில் நீங்கள் தந்திருக்கும் விவரம்: பிள்ளைகளுக்கு வயது 4, 8, 12. ஜனவரியில் தொடங்கிய ஓராண்டு வேத வாசிப்புத் திட்டம் யாத்திராகமத்தோடு நின்றுவிட்டது. வாசித்து முடித்துக் கேள்வி கேட்டால் யாரும் வாயைத் திறப்பதில்லை. பெரியவன் "இதுவும் ஒரு பாடமா?" என்று கேட்கிறான்.

முதலில் அந்தத் திட்டத்தைப் பார்ப்போம். 66 புத்தகங்களில் மொத்தம் 1189 அதிகாரங்கள். வருடத்துக்குள் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசித்தாக வேண்டும். ஆதியாகமத்தின் 50 அதிகாரங்களைக் கதையே இழுத்துக்கொண்டு போய்விடும். மூன்று மூன்றாக வாசித்தால் 25-ஆம் நாள் யாத்திராகமம் 25-இல் நிற்பீர்கள். அங்கிருந்து ஆசரிப்புக் கூடாரத்தின், அதாவது இஸ்ரவேலர் வழிபட்ட கூடாரத்தின், முழம், திரை, கொக்கி, பாதம். பொன் கன்றுக்குட்டி வரும் 32 முதல் 34 வரையிலான பகுதியை விட்டால் புத்தகம் முடியும்வரை பெரும்பாலும் அளவுகளும் கட்டளைகளும்தான். அது முடிந்தால் லேவியராகமம், 27 அதிகாரம். நான்கு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அங்கே நிற்காமல் போனால்தான் அதிசயம்.

தேதி போட்ட அட்டவணையைக் கைவிட்டு, புத்தகத்துக்குள் ஒரு நாடா வையுங்கள். அட்டவணையில் மூன்று நாள் காய்ச்சல் என்றால் ஒன்பது அதிகாரம் பாக்கி. அதை அடைக்க ஒரு மாலை முழுக்க ஓட்டமாக வாசிப்பீர்கள். ஒருவர் மனதிலும் எதுவும் தங்காது. நாடாவுக்குப் பாக்கி கிடையாது, விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். வேகம் தெரிய வேண்டுமென்றால் ஒரு கணக்கு: புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம், வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும். ஆனால் உங்கள் வீட்டு வயதுகளுக்கு அதுவும் வேகம்தான். மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், சம்பவத்தின்மேல் சம்பவமாக ஓடும். பிறகு ஆதியாகமம், ரூத், 1 சாமுவேல், யோனா, லூக்கா, அப்போஸ்தலர் என்று போகலாம். அளவுகளும் சட்டங்களும் வரும் பகுதிகளைப் பெரியவன் பின்னால் தனியாக வாசிப்பான்.

ஒரு நாள் பகுதியை அதிகார எண்ணை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். அந்த எண்கள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. வசன எண்கள் இன்னும் பிந்தியவை, புதிய ஏற்பாட்டுக்கு 1551-இல் ராபர்ட் எஸ்தியென் என்ற பிரெஞ்சு அச்சாளர் போட்டார். சம்பவம் முடியும் இடமும் அதிகாரம் முடியும் இடமும் பல தடவை ஒத்துப்போகாது. அப்போஸ்தலர் 21 முடியும்போது பவுல் படிகளில் நின்று கையமர்த்துகிறார், ஜனங்கள் அமைதியாகிறார்கள். பேச்சு தொடங்குவது 22-இல். அங்கே புத்தகத்தை மூடினால் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. ஆதியாகமத்தின் படைப்புச் சம்பவம் முடிவது 2:3-இல். மாற்கு 4-இன் கடைசி ஏழு வசனங்கள் புயலைப் பற்றியவை. அந்த ஏழே ஒரு நாளுக்குப் போதும். முந்தின இரவு ஐந்து நிமிடம் ஒதுக்கி, எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். பிள்ளைகள் முன் வாசிக்கக் கூடாத பகுதி எதிர்பாராமல் வந்து நிற்பதும் இதனால் தவிரும். ஆதியாகமம் 19, 34, 38, நியாயாதிபதிகள் 19, 2 சாமுவேல் 13 இவையெல்லாம் சிறியவர்கள் இருக்கும்போது வேண்டாம். 12 வயதுக்காரனிடம் மறைக்கவும் வேண்டாம்; பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பெரியவரோடு வாசிக்கட்டும்.

வாசிக்கும் முன் போர்டில் மூன்றே சொல் எழுதுங்கள். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பை வைத்திருந்தால் இது கட்டாயம். "பிரதியுத்தரமாக", "உபத்திரவம்", "தேவரீர்" போன்றவற்றில் எட்டு வயதுப் பிள்ளை தடுக்கி விழும், விழுந்ததைச் சொல்லவும் செய்யாது. பொருளை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் நடுவில் நிறுத்தி விளக்க வேண்டியதில்லை. நடுவில் நிறுத்துவதுதான் வாசிப்பைக் கெடுக்கும் முதல் காரியம்.

இரண்டாவது, நீங்கள் கேட்கும் கேள்விகள். "எத்தனை பேர் படகில் இருந்தார்கள்?" என்று கேட்டால் பிள்ளைக்கு அது பரீட்சை. இங்கிலாந்தின் கல்வியாளர் ஷார்லட் மேசன் (1842–1923) பரப்பிய வழி எளிமையானது: ஒரே ஒரு முறை வாசி, பிறகு பிள்ளை கேட்டதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லட்டும். "நடந்ததைச் சொல்லு பார்ப்போம்" என்பதைத் தவிர வேறு கேள்வி இல்லை. இரண்டாம் முறை வாசிப்பார்கள் என்று தெரிந்தால் முதல் முறை யாரும் காதுகொடுப்பதில்லை. அதனால்தான் ஒரே முறை.

இதில் வரிசை முக்கியம். எட்டு வயதுப் பிள்ளை முதலில் சொல்ல வேண்டும், 12 வயது அதன்மேல் சேர்க்க வேண்டும். பெரியவன் முதலில் சொன்னால் சின்னவருக்கு மிஞ்சுவது "அதேதான்" என்ற ஒரு சொல். நான்கு வயதுக்கு இந்த வேலையே கிடையாது. ஆறு வயதுக்கு முன் கேட்காதீர்கள், தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வயதுக்குக் கையில் வேலை வேண்டும்: சத்தம் போடாத கட்டைகள், ஒரு தாள், இரண்டு மெழுகு வண்ணம். கண் உங்களைப் பார்க்காவிட்டாலும் காது அங்கேதான் இருக்கும். "அசையாமல் உட்கார்" என்று நான்கு தடவை சொல்வதற்குள் மற்ற இருவரும் கலைந்துவிடுவார்கள்.

பிள்ளை "மறந்துட்டேன்" என்றால் பெரும்பாலும் பகுதி நீளம். மறுநாள் பாதியாக்குங்கள். அதிலும் வரவில்லை என்றால் ஒரு பத்தி வாசித்து உடனே கேளுங்கள், மெல்ல நீட்டலாம். தவறாகச் சொன்னால் குறுக்கே பேசாதீர்கள். முழுதும் சொல்லி முடித்த பிறகு "அது எந்த வசனத்தில் இருக்கு, காட்டு" என்று புத்தகத்தைக் கையில் கொடுங்கள். திருத்துவது நீங்களாக இருந்தால் அடுத்த முறை சுருக்கமாகச் சொல்லித் தப்பிப்பார்கள். திருப்பிச் சொன்னதும் உங்கள் சிறுபிரசங்கத்தைத் தொடங்காதீர்கள், சகோதரி. "ஆகவே நாமும்" என்று அம்மா ஆரம்பித்தவுடன் காது மூடிக்கொள்ளும். அரை நிமிட மௌனம், ஒரு சிறு ஜெபம். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

பெரியவனின் கேள்வி நியாயமானது. குடும்ப ஜெபம் வேறு, வேதப் பாட வகுப்பு வேறு. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் ஜெபத்துக்கு மதிப்பெண் வாசம் வந்துவிடும். காலையில் எல்லோரும் சேர்ந்து வாசிப்பதில் நோட்டு, தேர்வு எதுவும் வேண்டாம். அவனுக்கான பாடத்தை வாரம் இரண்டு நாள், பிற்பகலில், எழுத்து வேலையாக வையுங்கள். பிலேமோன் நிருபம் நல்ல தொடக்கம்: ஒரே அதிகாரம், 25 வசனம். வாசித்துவிட்டு, பிலேமோன் பவுலுக்கு எழுதும் பதில் கடிதத்தை அவனே எழுதட்டும். "காயீனின் மனைவி எங்கிருந்து வந்தாள்?" என்ற மாதிரிக் கேள்விகளுக்கு ஒரு தனி நோட்டு. தெரியாததைத் தெரிந்த மாதிரி சமாளித்தால் பன்னிரண்டு வயது உடனே கண்டுபிடிக்கும். "எனக்குத் தெரியவில்லை, தேடலாம்" என்று எழுதித் தேதி போடுங்கள், பிறகு உண்மையிலேயே தேடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம்: தண்டனையாக வசனம் எழுத வைப்பது. எபேசியர் 6:1-ஐக் காட்டிக் கீழ்ப்படியச் சொல்லும் வீடுகளில் அதே அதிகாரத்தின் நான்காம் வசனம், பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று பெற்றோரைப் பார்த்துப் பேசுகிறது என்பது மறந்துபோகும். பிள்ளைகள் அதையும் வாசிப்பார்கள்.

மனப்பாடத்துக்கு மாதம் ஒரு சங்கீதம் போதும். 1, 23 இரண்டும் ஆறு ஆறு வசனம், 100 ஐந்து வசனம். ஒவ்வொரு வசனமாகக் கட்டிச் சேர்க்காமல், தினமும் முழுதையும் ஒரு முறை சேர்ந்து வாசியுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் வரிகளின் கடைசிச் சொல்லை நீங்கள் விழுங்கினால் அவர்கள் நிரப்புவார்கள். பிறகு பாதி வரியை விடுங்கள்.

மற்றப் புத்தகங்களுக்கு இரண்டு தட்டு வையுங்கள். நீங்கள் உரக்க வாசிப்பது நடுப்பிள்ளை தானாக வாசிக்கும் மட்டத்தைவிட ஒரு படி மேலே இருக்கட்டும். தினம் இருபது நிமிடம். அவர்களே வாசிப்பது எளிதாக இருக்கட்டும்: ஒரு பக்கத்தில் தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கினால், ஐந்து விரலும் மடங்கும் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். உரக்க வாசிப்பதில் எல்லாமே சாமியார்த்தனமான கதையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொய் சொன்னவன் அகப்பட்டுக்கொள்ளும் நல்ல கதை ஒன்று, நீதிமொழிக்கு அழைக்காமலே கூட்டிப்போகும்.

சுசானா வெஸ்லியை (1669–1742) முன்மாதிரியாகச் சொல்வார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான், சார்லஸ் வெஸ்லியின் தாய்; பெற்றது பத்தொன்பது, அதில் ஒன்பது பச்சிளம் வயதிலேயே போயின. பிள்ளைக்கு ஐந்து வயதானதும் ஒரே நாளில் எழுத்துகளைக் கற்பித்து, உடனே ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் எழுத்துக் கூட்ட வைத்தார். இதைத் தமிழில் முயலாதீர்கள். அங்கே 26 எழுத்து, இங்கே 247. அப்படியும் அவருடைய இரண்டு மகள்களுக்கு ஒன்றரை நாள் பிடித்தது. எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: வாரத்தின் பெரும்பாலான மாலைகளை, மாலைக்கு ஒரு பிள்ளை என்று, தனியாகப் பேச வைத்திருந்தார். ஜானுக்கு வியாழன், சார்லஸுக்குச் சனி. உங்களுக்கு மூன்று மாலை போதும், தலைக்குக் கால் மணி நேரம். புத்தகம் இல்லாமல், திருத்தல் இல்லாமல்.

உங்கள் சொந்த வாசிப்பு, நாளைய பகுதிக்குப் பென்சில் போடும் அந்த ஐந்து நிமிடத்தில் அடங்காது. அது சமையலுக்குக் காய் நறுக்குவது மாதிரி, சாப்பிட்டதாகாது. பத்து நிமிடம், பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தேவையில்லாத ஒரு புத்தகத்திலிருந்து, பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்து.

எல்லோருக்கும் காய்ச்சல், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை என்ற நாட்களுக்கு: சங்கீதம் 117. மொத்தம் இரண்டு வசனம்.