400 பைட்டுக்காகப் புது சிப் வாங்கலாமா?

கேள்வி: 150 கிராம் பிரிவுக்கு ஒரு சண்டை ரோபோ செய்கிறேன். சக்கரத்துக்கு இரண்டு மோட்டார், ஆயுதத்துக்கு ஒன்று. மூளையாக இருப்பது யூஎஸ்பி முனையோடு வரும் சின்ன ஏடிடைனி85 போர்டு. நிரலை ஏற்றப் போனால் '6412 பைட் ஆகிறது, இருப்பது 6012 தான்' என்று மறுக்கிறது. பெரிய சிப்பாக வாங்கிவிடு என்கிறார்கள் நண்பர்கள். வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஏடிடைனி85-இல் உண்மையில் 8192 பைட் இருக்கிறது. மீதி 2180 பைட்டில் பூட்லோடர் என்ற சின்ன நிரல் குடியிருக்கிறது. யூஎஸ்பி வழியாக நிரல் ஏற்றத்தான் அது தேவை, சண்டைக்கு அல்ல.

அதை நீக்குவதைப் பற்றிப் பேசும் முன் உங்கள் நிரலைப் பார்த்துவிடுவோம். 400 பைட் பெரும்பாலும் கணக்குப் போடும் இடத்தில்தான் ஒளிந்திருக்கும். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் அனுப்பும் துடிப்பு 1000 முதல் 2000 மைக்ரோவிநாடி, நடு 1500. இதை மோட்டார் வேகமாக மாற்ற 'மேப்' ஃபங்ஷனைக் கூப்பிட்டிருப்பீர்கள். அது 32 பிட் எண்களைப் பெருக்கி வகுக்கிறது. இந்தச் சிப்பில் பெருக்கல் கட்டளையே கிடையாது, வகுத்தலும் கிடையாது. இரண்டுக்கும் லைப்ரரியிலிருந்து தனி நிரல் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக 1500-ஐக் கழித்து இரண்டால் வகுங்கள்: -250 முதல் 250 வரை கிடைக்கும். இரண்டால் வகுப்பதை பிட்டை நகர்த்தியே கம்பைலர் முடித்துவிடும். முழு வேகம் 255 அல்லவா என்றால், அந்த ஐந்து குறைந்ததை எதிராளி கவனிக்க மாட்டார்.

திருப்பத்தை மென்மையாக்க 0.75 ஆல் பெருக்கியிருந்தால், மூன்றால் பெருக்கி நான்கால் வகுத்தாலே போதும். ஆனால் ஒன்று: ஃப்ளோட் (தசமப் புள்ளி எண்) கணக்கு ஒரே ஓர் இடத்தில் மிச்சமிருந்தாலும் அதற்கான லைப்ரரி உள்ளே வந்துவிடும். பாதி நீக்கிவிட்டு 'குறையவே இல்லையே' என்று புலம்புகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

அப்புறம், சோதனைக்காகப் போட்ட செய்திகள். அவற்றை ஆர்டுயினோவின் எஃப் மேக்ரோவுக்குள், அதாவது F("...") என்று, போட்டால் ராம்தான் மிச்சமாகும். எழுத்துகள் நிரல் தங்கும் ஃப்ளாஷில் அப்படியே கிடக்கும். அவற்றை அனுப்பும் சாஃப்ட்வேர் சீரியல் லைப்ரரியோடு சேர்த்து மொத்தமாகத் தூக்கிவிடுங்கள். களத்தில் ரோபோ பேசினால் யார் கேட்கப்போகிறார்கள்? கமென்ட்டை அழிப்பதாலும் மாறிகளின் பெயரைச் சுருக்குவதாலும் ஒரு பைட்கூடக் குறையாது. சிக்னல் அறுந்தால் மோட்டார்களை நிறுத்தும் பகுதியை மட்டும் இடம் போதவில்லை என்று தொடவே கூடாது. சுழலும் ஆயுதத்துக்குப் பக்கத்தில் நிற்பது உங்கள் விரல்.

இனி வாங்கும் விஷயம். செலவழித்தே ஆகவேண்டும் என்றால் ஐஎஸ்பி புரோகிராமர் (பூட்லோடர் இல்லாமலே சிப்பில் நேரடியாக நிரல் ஏற்றும் கருவி) ஒன்று வாங்குங்கள். கையில் ஆர்டுயினோ யூனோ இருந்தால் அதுவும் வேண்டாம், யூனோவையே புரோகிராமராக மாற்றலாம். ஆறு ஒயர் போதும். பூட்லோடரை அழித்துவிட்டு நேரடியாக ஏற்றினால் முழு 8192 பைட்டும் உங்களுடையது. இன்னொரு லாபமும் உண்டு. இந்த வகை போர்டுகள் பலவற்றில், மின்சாரம் வந்ததும் பூட்லோடர் யூஎஸ்பிக்காக 5 விநாடி போலக் காத்திருக்கும். சண்டை நடுவில் மோட்டார் சிக்கி மின்னழுத்தம் சரிந்து சிப் ரீசெட் ஆனால், அந்த 5 விநாடியும் ரோபோ பொம்மைதான்.

சில போர்டுகளில் ரீசெட் கால் (சிப்பை மறுதொடங்க வைக்கும் பின்) சாதாரணக் காலாக மாற்றப்பட்டிருக்கும். அதில் ஐஎஸ்பி வேலை செய்யாது, 12 வோல்ட் புரோகிராமர் வேண்டியிருக்கும். விற்பவரிடம் முன்பே கேளுங்கள். தனிச் சிப்பாக வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் புதுசு 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். ஃப்யூஸை (சிப்புக்குள் இருக்கும் அமைப்பு பிட்டுகளை) மாற்றி 8-க்குக் கொண்டுவர மறந்தால் நேரக் கணக்கெல்லாம் தாறுமாறாகும்.

பெரிய சிப் எப்போது நியாயம்? கால்கள் போதாதபோது. மோட்டார், ரிசீவர் போன்றவற்றை இணைக்க, ரீசெட்டையும் சேர்த்து இதில் ஆறுதான் இருக்கின்றன. பைட்டைச் சுருக்கலாம், காலைச் சுருக்க முடியாது.

கேள்வி: ஏடிடைனி85 என்று அச்சிட்ட சிப் வாங்கினேன். புரோகிராமர் 'சிப் அடையாளம் பொருந்தவில்லை' என்கிறது. விற்பவர் 'உங்கள் ஒயரில் கோளாறு' என்கிறார்.

பதில்: வந்த எண்ணைப் பாருங்கள். 85-க்கு 1இ-93-0பி வரவேண்டும். 00-00-00 அல்லது எல்லாமே எஃப் என்று வந்தால் அவர் சொல்வது சரியாக இருக்கலாம், ஒயரைச் சரிபாருங்கள். ஒவ்வொரு முறையும் 1இ-92-06 என்றே வந்தால் அது ஏடிடைனி45, பாதி இடம்தான். தளர்ந்த ஒயர் ஒரே தப்பை ஒழுங்காகத் திரும்பத் திரும்பச் சொல்லாது. திரையைப் படமெடுத்து, ரசீதோடு திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்புங்கள். சால்டர் வைப்பதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்வது நல்லது. கால் கருகிய சிப்பை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.