மூன்றாவது வரி

வணக்கம். கண்டியில் தங்கி உளவியல் முதுகலை படிக்கிறேன். ஊர் பொகவந்தலாவைப் பக்கம். முடித்ததும் தோட்டத்து வளரிளம் பிள்ளைகளோடு வேலை செய்ய ஆசை. இப்போதே சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) டிப்ளோமா ஒன்று எடுக்கட்டுமா?
சு.

அன்புள்ள சு.,

டிப்ளோமா எங்கும் ஓடிவிடாது. முதலில் எஸ்டிக்யூ (SDQ) என்ற, பிள்ளைகளின் மனச் சிக்கல், நடத்தைச் சிக்கல்களை அறிய உதவும் வினாத்தாளைக் கொடுக்கவும் அதன் புள்ளிகளைக் கூட்டவும் பழகுங்கள். தமிழிலும் இருக்கிறது. 25 வரிகள், 11 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தாங்களே நிரப்பலாம். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள், விளக்கம் சொல்லிப் பதிலைத் தள்ளிவிடாதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் பொருந்தாது என்றால் 0, ஓரளவு என்றால் 1, நிச்சயம் என்றால் 2. ஆனால் 7, 11, 14, 21, 25 ஆகியவற்றுக்குத் தலைகீழாகப் புள்ளி போடவேண்டும், வழுக்குவது இங்கேதான். உதவும் குணம் பற்றிய ஐந்து வரிகள் மொத்தத்தில் சேராது. மொத்தம் 40ஐத் தாண்டாது. வருகிற எண் நோயின் பெயரும் அல்ல.

மூன்றாவது வரியில் நில்லுங்கள்: அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி வருகிறதா என்பது. லயத்துப் பிள்ளை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளரும் பிள்ளை) 'மனசு சரியில்ல' என்று வந்து நிற்காது. 'தலை வலிக்குது' என்று பனடோல் கேட்கும். அதற்கு 2 விழுந்தால், எப்போது வலிக்கிறது என்று கேளுங்கள். ஞாயிறு ராத்திரியா, சம்பள நாளா, வெளிநாட்டிலிருந்து அம்மா போன் எடுத்த பிறகா? கண்பார்வை, இரத்தச்சோகை, காலைச் சாப்பாடு இவற்றை விசாரிக்காமல் மனசு என்று முடிவுகட்டவும் வேண்டாம்.

லயன் காம்பராவில் வைத்துப் பேசாதீர்கள். பக்கத்து வீட்டுக்கு எல்லாம் கேட்கும். அதிபர் அறையும் ஆகாது. ஆள் தெரியவேண்டும், பேச்சு கேட்கக்கூடாது, அப்படி ஓர் இடம் பாருங்கள். 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்' என்று முழு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உயிராபத்து, அடி, தப்பான தொடுகை என்றால் சொல்லியாகவேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். சிறுவர் உதவி எண் 1929.

'செத்துப்போயிடலாம்னு நெனச்சிருக்கியா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆம் என்றால் தனியே அனுப்பாதீர்கள். 'மருந்து குடிச்சிட்டான்' என்றால் நம் பக்கம் பூச்சிமருந்து என்று உங்களுக்குத் தெரியும். மரக்கறிக்கு அடிக்கும் மருந்து வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டு, பெரியவர்களைக்கொண்டு அப்புறப்படுத்துங்கள். 1995இல் இலட்சத்துக்கு 47 அளவில் இருந்த இந்நாட்டுத் தற்கொலை வீதம் பிறகு இறங்கியதில், கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்ததற்குப் பெரிய பங்குண்டு. 1926 என்ற மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுத்து, ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூடவே போங்கள்.

சிபிடி அதற்குப் பிறகு. அதுவும் வாரம் ஒரு மணிநேரம் உங்கள் குறிப்புகளை வாசித்துத் திட்ட ஒரு மேற்பார்வையாளர் கிடைத்தால் மட்டும். சிங்களத்தையும் தேற்றிக்கொள்ளுங்கள், கிளினிக்கில் பிள்ளையின் பேச்சை நீங்கள்தான் சிங்களத்தில் எடுத்துச்சொல்லவேண்டிவரும். 'நெஞ்சு அடைக்குது' என்று சொன்னால் கடிதத்தில் அதைத் தமிழிலேயே அப்படியே எழுதி, பக்கத்தில் விளக்கம் போடுங்கள்.