ஆல்ப்ஸின் மண்ணை முதலில் அரித்தது மந்தையா, ஏரா? கேள்வி பதில்

கேள்வி: மலையில் மண்ணரிப்பு என்பது மழையும் பனியாறும் செய்யும் வேலைதானே? மனிதர்மேல் பழி போடுவது எதை வைத்து?

பதில்: ஏரிச் சேற்றை வைத்துத்தான். பிரான்ஸின் பூர்ஜே ஏரியில் ரோன் ஆற்று வெள்ளம் ஆல்ப்ஸ் வண்டலை அடுக்கடுக்காகப் படிய வைத்திருக்கிறது. குழாய் இறக்கி, அடுக்கு கலையாமல் எடுத்து, லித்தியம் ஐசோடோப்பு விகிதத்தைப் பார்க்கிறார்கள், அதாவது லித்தியத்தின் எடை வேறுபட்ட இரண்டு அணு வகைகள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதை. பாறை சிதைந்து களிமண்ணாகும்போது கனம் குறைந்த லித்தியம்-6 களிமண்ணில் கூடுதலாகத் தங்கும். கனம் கூடிய லித்தியம்-7 கூடுதலாக நீரோடு போய்விடும். பனியாறு அரைத்த பாறைத்தூளில் இந்தப் பிரிவினை நடந்திருக்காது. ஆகவே எது மேல்மண், எது பாறைத்தூள் என்று பிரித்துவிடலாம். 2025-ல் வெளியான கணக்குப்படி, சுமார் 3,800 ஆண்டுகளாக மண் உருவாகும் வேகத்தைப்போல் 4 முதல் 10 மடங்கு வேகத்தில் அரிப்பு நடந்திருக்கிறது.

கேள்வி: உழவுதான் தொடக்கமா?

பதில்: இல்லை, மேய்ச்சல். அரிப்பு மேலிருந்து கீழே இறங்கியது. 3,800 முதல் 3,000 ஆண்டுகளுக்கு முன்பு உச்சிப் புல்வெளிகள். ஏர் நடுச்சரிவுக்கும் அடிவாரத்துக்கும் வந்தது பிறகுதான்.

கேள்வி: ஆடு மாடு நடந்தா மண் போகும்?

பதில்: முதலில் மரம் போகும். மேய்ச்சலுக்காகக் காட்டை வெட்டி எரித்தால், மண்ணைப் பிடித்திருந்த வேர்கள் சில ஆண்டுகளில் மக்கிவிடும். அப்புறம் குளம்பு. கால்நடைகள் சரிவில் நேராக ஏறுவதில்லை, குறுக்காக நடக்கும். அதனால் படிப்படியாகத் தடம் விழும். தடத்தின் மண் இறுகி நீரை உறிஞ்சாது; வெளி விளிம்பு உடையும்; மழைநீர் தடத்தைப் பிடித்து ஓடி ஓடை வெட்டும். பட்டி, தண்ணீர் குடிக்கும் இடம், உப்பு வைக்கும் இடம் மூன்றும்தான் முதலில் கெடும்.

கேள்வி: காட்டு மானும் மேயுமே, எப்படிப் பிரிப்பீர்கள்?

பதில்: நல்ல கேள்வி. சாணத்தில் வளரும் பூஞ்சையின் வித்துகள் மட்டும் போதாது, மான் புழுக்கையிலும் அவை வரும். சேற்றில் டிஎன்ஏ தேட வேண்டும். பிரெஞ்சு ஆல்ப்ஸில் 2,063 மீட்டர் உயரத்திலுள்ள ஆன்டேர்ன் ஏரியில் ஆடு, மாடு இரண்டின் டிஎன்ஏவும் கிடைத்தன. இரும்புக்காலக் கடைசியிலும் ரோமானியர் காலத்திலும்தான் அங்கே அரிப்பு உச்சம்.

கேள்வி: மேய்ச்சலை நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: செங்குத்தான சரிவில் திடீரென நிறுத்தினால் சில இடங்களில் நிலைமை மோசமாகும். மேயாத, அறுக்காத புல் நீண்டு சாயும். அதன்மேல் பனி வழுக்கி இறங்கும்போது புல்தரையை வேரோடு பிய்த்துக்கொண்டு போகும். அந்த வெற்றுத் திட்டின் விளிம்பை மழை அரிக்க, திட்டு ஆண்டுதோறும் அகலும். மரம் வேரூன்றும்வரை அறுப்பையோ அளவான மேய்ச்சலையோ விடாதிருப்பது நல்லது.