புற்றுநோய் என்ன கிருமியா, ஆன்டிபயாடிக் கொடுக்க?

அப்பாவின் கீமோ சீட்டில் உள்ள டாக்ஸோரூபிசின் ஒரு ஆன்டிபயாடிக் என்று படித்துக் குழம்பிப்போய்க் கேட்டிருக்கிறீர்கள். கீமோ வார்டில் செவிலியராக இருப்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம்.

குழப்புவது பெயர்தான். டாக்ஸோரூபிசினும் அதைப் போன்ற சில கீமோ மருந்துகளும் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா வகையிலிருந்து பிறந்தவை. 1940இல் வாக்ஸ்மன், உட்ரஃப் என்ற விஞ்ஞானிகள் இவற்றில் ஒன்றான ஆக்டினோமைசினைப் பிரித்தெடுத்தபோது தேடியது கிருமிக்கொல்லியைத்தான். கிருமி செத்தது, ஆனால் மனிதருக்குத் தொற்றுக்காகக் கொடுக்க முடியாத அளவுக்கு நஞ்சு. அந்த நஞ்சே பின்னால் புற்றுக்கு மருந்தானது. பென்சிலின் தாக்குவது பாக்டீரியாவின் செல்சுவரை. நம் செல்களுக்கு அந்தச் சுவரே கிடையாது. இவை தாக்குவதோ டிஎன்ஏவை. அது நமக்கும் உண்டே!

செல் பிரியும்போது முறுக்கேறிய டிஎன்ஏவைச் சிக்கெடுக்க டோபோஐசோமரேஸ் 2 என்ற நொதி வேலை செய்கிறது. இழையை வெட்டும், இன்னொரு இழையை இடையில் விடும், வெட்டிய இடத்தை மறுபடி ஒட்டும். டாக்ஸோரூபிசின் ஏணி போன்ற டிஎன்ஏவின் படிகளுக்கு நடுவே செருகிக்கொண்டு, வெட்டிய பிறகு ஒட்டவிடாமல் தடுக்கிறது. அறுந்த இழைகள் சேரச்சேர செல் செத்துப்போகிறது. அடிக்கடி பிரிகிற செல்லுக்குத்தான் அடி அதிகம். முடி கொட்டுவதும், வாய் புண்ணாவதும், இரத்த அணுக்கள் குறைவதும் இதனால்தான்.

எல்லாம் ஒரே வழியில் போவதில்லை. மைட்டோமைசின் இரண்டு இழைகளையும் பிரியவிடாமல் பிணைத்துவிடும். ப்ளியோமைசின் இரும்பையும் ஆக்சிஜனையும் துணைக்கு வைத்துக்கொண்டு டிஎன்ஏவை நறுக்கும். இந்த ப்ளியோமைசினைச் சிதைக்கும் நொதி நுரையீரலில் குறைவு. அதனால் பாதிப்பும் அங்கே அதிகம்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். மருந்து சிவப்பு. ஓரிரு நாள் சிறுநீரும் சிவக்கும், அது இரத்தமல்ல. இதை முன்பே சொல்லாமல் விட்டு, நள்ளிரவில் பதறிய அழைப்பு வாங்கியவள் நான்! ஏறும்போது ஊசி இடத்தில் எரிந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள். வெளியே கசிந்தால் சதையே புண்ணாகிவிடும்.

முக்கியமானது இதயம். டாக்ஸோரூபிசின் அளவு மீறினால் அது பாதிக்கப்படும். வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 450 முதல் 550 மில்லிகிராம் வரைதான் பொதுவான எல்லை. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொல்வது இதயத்தைக் கவனிக்கத்தான். பத்து வருடம் முன்பு ஏறியதும் கணக்கில் சேரும் என்பதால், பழைய சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.