மைதானத்துக்குள் ஓடிய மகன்: அபராதத்தோடு முடியாது

வணக்கம் ஐயா. கால்பந்து ஆட்டத்தின் கடைசி விசில் ஊதியதும் மகன் கழுத்தில் மஃப்ளரோடு மைதானத்துக்குள் ஓடிவிட்டான், 'அபராதம்தானே, ஒப்புக்கொள்ளட்டுமா' என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம்.

இங்கிலாந்தின் 1991 கால்பந்துக் குற்றங்கள் சட்டப்படி அதற்கு அதிகபட்சம் 1,000 பவுண்டு அபராதம்தான், சிறை கிடையாது. சரி, ஆனால் கூடவே கால்பந்துத் தடை ஆணை, அதாவது ஆட்டம் பார்க்க மைதானத்துக்குப் போகக் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவு வரும்: 3 முதல் 5 ஆண்டு. வெளிநாட்டு ஆட்டங்களின்போது பாஸ்போர்ட்டையே ஒப்படைக்க வேண்டியிருக்கும். மீறினால் 6 மாதம் வரை சிறை. 19 வயசுப் பையனுக்கு இது ரொம்ப அதிகம். இந்த வழக்குகளை நடத்தும் எனக்கு மனசு ஒப்பவே இல்லை.

ஆணை போடுவது அநியாயம் என்று நீதிமன்றம் கருதினால் போடாமல் விடலாம். காவலர் சொன்னதும் யாரையும் தள்ளாமல் திரும்பி நடந்தான் என்கிறீர்களே, அந்த கேமரா பதிவை வழக்கறிஞர் மூலம் இப்போதே கேளுங்கள். அப்புறம், அவன் நல்ல பையன் என்று அவனுடைய முதலாளியிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள்.