தீக்குச்சி இல்லாத காலத்துப் பேய்

கேள்வி: 1820-இல் நடப்பதாகச் சொல்லும் ஒரு பேய்ப் படம் பார்த்தோம். நாயகி தீக்குச்சியை உரசி மெழுகுவத்தி ஏற்றுகிறாள். சுவரில் இறந்துபோன சிறுமியின் புகைப்படம் தொங்குகிறது. இதெல்லாம் அன்று உண்டா என்று கேட்டேன். "பேயையே ஒப்புக்கொண்டு பார்க்கிறாய், தீக்குச்சிக்குக் கணக்குக் கேட்கிறாயே!" என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் சொல்வதுதான். உரசினால் பற்றும் தீக்குச்சியை ஜான் வாக்கர் என்ற ஆங்கிலேய மருந்துக் கடைக்காரர் கண்டுபிடித்தது 1826-இல். மறு ஆண்டுதான் விற்பனைக்கு வந்தது. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். அந்தச் சுவரில் ஓர் ஓவியம்தான் தொங்கியிருக்க முடியும்.

பேய் என்பது படம் நம்மிடம் கேட்கும் ஒரே சலுகை. அதை மனமுவந்து கொடுத்துவிட்டுத்தான் உட்காருகிறோம். தீக்குச்சிக்கு யாரும் சலுகை கேட்கவில்லையே! ஆனால் ஆண்டுக் கணக்கைவிட என்னை வருத்துவது, கைக்கு வந்த பயத்தை இயக்குநர் தவறவிட்டது.

தீக்குச்சி இல்லாத அறையில் அந்தப் பெண் என்ன செய்திருப்பாள்? இருட்டில் துழாவித் தகரப் பெட்டியை எடுக்க வேண்டும். சிக்கிமுக்கிக் கல்லில் எஃகுத் துண்டை அடித்து, கருக்கிய துணியில் பொறி விழவைத்து, ஊதி, அதில் கந்தகம் தோய்த்த குச்சியைப் பற்றவைக்க வேண்டும். துணி ஈரமாகிவிட்டால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒவ்வோர் அடிக்கும் அவள் விரல்கள் ஒரு கணம் தெரிந்து மறையும். மூன்றாவது அடியில் அந்த விரல்களுக்கு அருகே வேறு விரல்கள் தெரிந்தால்? இந்தக் காட்சியை அந்தக் காலமே இலவசமாகக் கொடுக்கிறது.

மெழுகுவத்தியும் அப்படியே. இன்றைய மெழுகுவத்தியின் திரி பின்னப்பட்டது. எரியும்போதே வளைந்து, தானே சாம்பலாகிவிடும். அந்தப் பின்னல் திரியை பிரான்சில் கம்பாசெரே என்பவர் கொண்டுவந்தது 1825-இல். அதற்கு முந்தைய கொழுப்பு மெழுகுவத்தியில் திரி கருகி நீண்டுகொண்டே போகும். புகையும், ஒளி மங்கும், அடிக்கடி கத்தரித்துவிட வேண்டும். ஆக, போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருப்பவள் எழுந்து மேசைவரை போய்த்தான் தீர வேண்டும். விடிய விடிய ஒரே சீராக எரிந்த மெழுகுவத்தி அந்த நடையை நமக்குக் காட்டாமலே செய்துவிட்டது.

கேள்வி: அதே படத்தில் பாதி எரிந்த மெழுகுவத்தி அடுத்த ஷாட்டில் முழு உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. அத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவர்கூடவா பார்க்கவில்லை?

பதில்: பார்ப்பதற்கென்றே ஒருவர் இருப்பார். உதவி இயக்குநராக நானும் கன்டினியூட்டி நோட்டு, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறிவிடாமல் இருக்க வைக்கும் குறிப்பு, எழுதியிருக்கிறேன். மெழுகுவத்திகளைப் பல உயரங்களில் வெட்டி எண் போட்டு வைப்போம். ஒவ்வொரு டேக் முடிந்ததும் புகைப்படம் எடுத்துக்கொள்வோம். ஆனால் எடிட்டிங் மேசையில் கதை வேறு. இரண்டாம் டேக்கில் நாயகனின் முகம் நன்றாக இருக்கும், ஏழாம் டேக்கில் நாயகியின் முகம். இரண்டையும் ஒட்டினால் மெழுகுவத்தி வளரத்தான் செய்யும். முகமா, மெழுகுவத்தியா என்றால் நானும் முகத்தையே எடுப்பேன்.

கதவு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். காதல் படத்தில் நாயகியின் பின்னால் திறந்திருந்த கதவு அடுத்த ஷாட்டில் மூடியிருந்தால் யாரும் கவனிப்பதில்லை. பேய்ப் படத்தில் பார்வையாளர் முகத்தைப் பார்ப்பதே குறைவு. முதுகுக்குப் பின்னால் என்ன அசைகிறது என்றுதான் தேடிக்கொண்டிருப்பார். மூடிய கதவைக் கண்டதும் "வந்துவிட்டது" என்று நிமிர்ந்து உட்காருவார். எதுவும் வராது. அடுத்த முறை உண்மையாகவே பேய் கதவைச் சாத்தும்போது அவர் நம்பமாட்டார். கதவு, நாற்காலி, பொம்மை, கடிகார முள் ஆகியவை இந்த வகைப் படத்தில் நடிகர்களுக்குச் சமம்; அவற்றின் இடம் மாறினால் அந்த ஷாட்டைத் திரும்ப எடுக்க வேண்டும்.

கேள்வி: பேய்ப் படங்களில் வாரம் முழுவதும் முழுநிலவு காய்கிறதே, இது தவறில்லையா?

பதில்: தவறுதான். முழுநிலவுக்குப் பிறகு நிலவு நாளுக்கு நாள் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழும். ஒரு வாரத்தில் பாதியாகிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: முழுநிலவு எழுவது சூரியன் மறையும் வேளையில், நள்ளிரவில் அது உச்சியை ஒட்டி நிற்கும். கடிகாரம் பன்னிரண்டு அடிக்க, மரங்களுக்குப் பின்னாலிருந்து அது மெல்ல மேலேறுவதாகக் காட்டினால், அந்த நிலவை ஸ்டூடியோவில்தான் ஏற்றியிருக்கிறார்கள்.