வலிக்கு உச்சவரம்பு: வழக்குத் தொடுக்கும் முன் அறிய வேண்டியவை

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கும் என் தாயாருக்கு வயது 68, இல்லத்தரசி. அறுவைச் சிகிச்சையின்போது வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிட்டார்கள். நான்கு மாதம் கழித்து ஸ்கேனில் தெரிந்து, மறுபடியும் அறுத்து எடுத்தார்கள். இழப்பீட்டுக்கு வரம்பு இருப்பதால் வழக்கில் பயனில்லை என்கிறார்களே, உண்மையா?

பதில்: முழு உண்மை அல்ல. மறு அறுவைக்கான செலவு, இனி தேவைப்படும் சிகிச்சை, இழந்த வருமானம் ஆகியவற்றுக்கு அங்கே வரம்பே கிடையாது. வலி, மன உளைச்சல் போன்ற ரசீது காட்ட முடியாத பாதிப்புகளுக்கு மட்டுமே வரம்பு உண்டு. 1975-இல் 2,50,000 டாலராக விதிக்கப்பட்ட அத்தொகை, விலைவாசி பல மடங்கு ஏறியும் 2022 வரை அப்படியே இருந்தது. 2023-இல் அதை 3,50,000 டாலராகவும், மரண வழக்குகளுக்கு 5,00,000 டாலராகவும் உயர்த்தி, பத்தாண்டுகளில் முறையே 7,50,000, 10,00,000 டாலரை எட்டும்படி ஆண்டுதோறும் கூட்டி வருகிறார்கள்.

வரம்பு இல்லாவிட்டால், இத்தகைய வழக்குகளுக்கு எதிராக மருத்துவர்கள் எடுக்கும் காப்பீட்டின் பிரீமியம் ஏறி, அவர்கள் தொழிலையே விட்டுவிடுவார்கள் என்பது ஆதரிப்போர் வாதம். டெக்சாஸ் 2003-இல் இதே காரணத்துக்காக வரம்பு விதித்தது. ஜார்ஜியா, இல்லினாய் மாநிலங்களின் உச்ச நீதிமன்றங்களோ 2010-இல் தத்தம் மாநில வரம்புகளை அரசமைப்புக்கு முரணானவை என்று ரத்து செய்தன. பிரீமியத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு, சுமை யார் தலையில் விழுகிறது என்பதை யாரும் பேசுவதில்லை என்பது என் கருத்து. பெரிய சம்பளக்காரருக்கு வருமான இழப்பு என்ற வகையிலேயே பெருந்தொகை கிடைத்துவிடும். சம்பளச் சீட்டு இல்லாத இல்லத்தரசிக்கோ, குழந்தைக்கோ, ஓய்வுபெற்றவருக்கோ இழப்பின் பெரும்பகுதி வரம்புக்குள் சிக்கிக்கொள்ளும். கிடைக்கும் தொகையில் பங்கு பெற்று வாதாடும் வழக்கறிஞர்கள், மருத்துவ நிபுணர்களுக்கான செலவையும் கையிலிருந்து போட வேண்டியிருப்பதால், இத்தகைய வழக்குகளை எடுக்கவே தயங்குகிறார்கள்.

ஆனால் வயிற்றில் துணி இருந்தது என்பதே கவனக்குறைவுக்கு வலுவான சான்று என்பதால், உங்கள் வழக்கில் அந்தச் செலவு குறையலாம். அறுவைக் குறிப்புகளோடு, துணிகளையும் கருவிகளையும் செவிலியர் எண்ணிப் பதிந்த தாளையும் இப்போதே எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். அதில் ‘எண்ணிக்கை சரி’ என்று எழுதியிருந்தால், அந்த வரியே எதிர்த் தரப்பைச் சங்கடத்தில் ஆழ்த்தும்.

தவறு தெரியவந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அதற்கு 90 நாள் முன்பே மருத்துவத் தரப்புக்கு அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும். அந்த இடைவெளியில் சமரசத்துக்கு வந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: வழக்குப் பதிவாகும் முன் முடிந்தால் வழக்கறிஞரின் பங்கு 25 சதவீதத்தையும், பதிவான பின் 33 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்பது சட்டம்.